கடைக்கால் படம்: எந்தப் புள்ளியிலிருந்து அளப்பது?

2024 அக்டோபர் 6, கேள்வி

"ஐ.டி.ஐ.யில் கட்டட வரைவாளர் படிப்பை முடித்துவிட்டுப் புதுச்சேரியில் ஓர் அலுவலகத்தில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. சொந்த ஊர் நெல்லிக்குப்பம். கடலூரில் கட்டப்போகும் ஒரு வீட்டுக்குக் கடைக்கால் படம் போடச் சொல்லியிருக்கிறார்கள். மனை 20க்கு 50 அடி. தரைத்தளப் படம் ஆட்டோகேட் வரைபட மென்பொருளில் தயாராக இருக்கிறது. அதன்மேலேயே ஃபூட்டிங் (தூணின் அடியில் வரும் கான்கிரீட் பாதம்) சதுரங்களை வைத்துவிட்டால் போதாதா? தனிப்படம் எதற்கு?"

2024 அக்டோபர் 6, இரவு

போதாது, தம்பி. தரைத்தளப் படம் வீட்டுக்காரருக்கு. கடைக்கால் படம் மேஸ்திரிக்கு. அவர் வெறும் மண்ணில் நிற்கிறார். கதவு, ஜன்னல், கட்டில், சோபா எதுவும் அவருக்கு வேண்டாம். அவர் கையில் இருப்பது நூல், முளைக்குச்சி, டேப், சுண்ணாம்புத் தூள். முதல் முளையை எங்கே அடிப்பது, அடுத்த முளை அங்கிருந்து எவ்வளவு தூரம்? இந்த இரண்டுக்கும்தான் உங்கள் தாளில் பதில் தேடுவார்.

முதலில் மனை எல்லையை வரையுங்கள். பிறகு தூண்களின் மையக்கோடுகள். அந்தக் கோடுகள் வெட்டும் இடங்களில் தூண்கள். தூணைச் சுற்றி ஃபூட்டிங், அதைச் சுற்றி அடியில் போடும் ஜல்லிக் கான்கிரீட்டின் ஓரம். கடைசியாக, தூண்களை இணைக்கும் பிளிந்த் பீம். ஃபூட்டிங்கிலிருந்து தொடங்கினால் எல்லாம் கோணலாகும். தூண் எங்கே நிற்கிறதோ அதைப் பொறுத்துத்தான் ஃபூட்டிங்.

அளவுகளைச் சங்கிலி போலக் கோக்காதீர்கள். இதை நான் புதிதாக வருகிற எல்லோரிடமும் சொல்கிறேன், உங்களிடமும் சொல்கிறேன். "10 அடி, பிறகு 9 அடி 6 அங்குலம், பிறகு 10 அடி 6 அங்குலம்" என்று தனித்தனியாக எழுதினால் ஒவ்வொரு முறையும் டேப்பைப் புதிதாக வைக்க வேண்டும். ஒரு தடவைக்குக் கால் அங்குலம் பிசகினாலும் ஐந்தாவது தூணில் ஓர் அங்குலம் போயிருக்கும். ஒரே புள்ளியைப் பூஜ்யமாக வைத்து, அங்கிருந்து கூட்டிக்கொண்டே போங்கள்: 0, 10 அடி, 19 அடி 6, 30 அடி, 40 அடி. டேப் ஒரே இடத்தில் கிடக்கும். மேஸ்திரி நடந்துகொண்டே குறி வைப்பார்.

பூஜ்யத்தை எங்கே வைப்பது? மனையின் ஒரு மூலையில் ஒரு முளை. அது நிலைக்காது என்று தோன்றினால் வாசலில் இருக்கும் மின்கம்பம்.

இன்னொன்று, மூலைவிட்ட அளவையும் தாளிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். கடைசித் தூண் மையங்கள் 18க்கு 40 அடி என்றால் மூலைவிட்டம் 43 அடி 10⅜ அங்குலம். இரண்டு மூலைவிட்டமும் அந்த அளவுக்கு வந்தால் மூலை சரி. மேஸ்திரிக்கு 3, 4, 5 கணக்குத் தெரியும்: முக்கோணத்தின் பக்கங்கள் அந்த அளவில் வந்தால் மூலை செங்கோணம். ஆனால் அது சிறிய முக்கோணத்தில் பார்ப்பது. 40 அடி தள்ளிப் போனால் அதில் இருந்த சிறு பிசகு பெரிதாகிவிடும். கணினி ஒரு நொடியில் சொல்லும் அளவை அவருக்குக் கொடுப்பதில் நமக்கு என்ன சிரமம்?

2024 அக்டோபர் 7

அடி, அங்குலம் பற்றி நேற்றே சொல்லியிருக்க வேண்டும். படத்தில் 5.9 என்று போட்டால் கணினிக்கு அது ஐந்தே முக்காலே சொச்சம் அடி, அதாவது 5 அடி 10¾ அங்குலம். மேஸ்திரிக்கு அது 5 அடி 9 அங்குலம். இரண்டு பேரும் அவரவர் வழியில் சரி. பள்ளம் மட்டும் ஒன்றே முக்கால் அங்குலம் தள்ளி விழும். தசமப் புள்ளியில் அடியை எழுதவே எழுதாதீர்கள்.

2024 அக்டோபர் 9

பொறியாளர் ஒருவர் மறுக்கிறார்: கான்கிரீட் வேலைக்கு மில்லிமீட்டர்தான், அடியைக் கொண்டுவந்து குழப்பாதீர்கள் என்கிறார். கணக்குப் போடும் மேசையில் அவர் சொல்வது சரி. ஃபூட்டிங் அளவு, கம்பி இடைவெளி, கவர் (கம்பிக்கு வெளியே இருக்கும் கான்கிரீட்டின் கனம்) எல்லாம் மில்லிமீட்டரில்தான் இருக்க வேண்டும். ஃபூட்டிங்குக்குக் குறைந்தது 50 மில்லிமீட்டர் கவர் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 சொல்வதை நான் அங்குலத்தில் எழுதப்போவதில்லை.

ஆனால் நூல் கட்டுகிறவர் கடலூரில் அடியில்தான் கட்டுகிறார். 230 மில்லிமீட்டர் சுவரை ஒன்பது அங்குலச் சுவர் என்றுதான் சொல்கிறார். ஆகவே மையக்கோட்டு அளவுகளுக்கு மட்டும் இரண்டையும் போடுகிறேன். அளவுக்கோட்டின் அமைப்பிலேயே மாற்று அலகு என்று ஒரு வசதி உண்டு. அதை இயக்கி, அடி அங்குல வடிவத்தைத் தேர்ந்துகொண்டால் 3600 என்பதன் பக்கத்தில் 11 அடி 9¾ அங்குலம் தானாக வரும். கையால் மாற்றி எழுதாதீர்கள். மென்பொருளும் நாம் வைத்த நுணுக்கத்துக்கு முழுமையாக்கித்தான் காட்டும், அந்தச் சில்லறை சங்கிலி அளவில் சேர்ந்துகொண்டே போகும். இதற்கும் பூஜ்யத்திலிருந்து கூட்டிப்போகும் அளவுதான் மருந்து.

2024 அக்டோபர் 13

நெல்லிக்குப்பம் தம்பி மறுபடி எழுதியிருக்கிறார்: "மனையை நேரில் அளந்தேன். முன்பக்கம் 19 அடி 10 அங்குலம், பின்பக்கம் 20 அடி 4 அங்குலம். படத்தில் 20 என்று இருக்கிறது. அளவை மட்டும் திருத்தி எழுதிவிடலாமா?"

கூடாது. கூடவே கூடாது. கோடு 20 அடியாக இருக்க, அதன்மேல் 19-10 என்று தட்டச்சு செய்த எண் ஒரு பொய். நாளைக்கு வேறொருவர் அந்தக் கோப்பைத் திறந்து கோட்டை நம்பி ஒரு தூணை நகர்த்துவார். அவருக்கு எப்படித் தெரியும்? கோட்டைத் திருத்துங்கள், எண் தானே மாறும். நான்கு பக்கமும் ஒரு மூலைவிட்டமும் அளந்துகொண்டு, இரண்டு முக்கோணமாக மனையை வரையுங்கள். நம் ஊரில் முழுச் செவ்வகமான மனையை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

வேறொருவர் கொடுத்த கோப்பில் இப்படித் தட்டச்சு செய்த எண் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால், அந்த எண்ணைத் திருத்தத் திறந்து, உள்ளே இருப்பதை அழித்துவிட்டு <> என்று இடைவெளி இல்லாமல் போடுங்கள். உண்மையான அளவு வந்து நிற்கும்.

2024 அக்டோபர் 14

ஒரு சம்பவம். 2009இல் திருப்பாதிரிப்புலியூர் பக்கம் ஒரு வீடு; 14 ஃபூட்டிங். நான்தான் வரைந்தேன். திரையில் 14 தெரிந்தது. அச்செடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் மேஸ்திரி தொலைபேசியில் அழைத்தார். "அம்மா, பதின்மூன்று கல்தான் வருகிறது" என்றார். எனக்குப் புரியவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். சிமெண்டு மூட்டைமேல் என் தாளை விரித்து, ஒவ்வொரு ஃபூட்டிங் சதுரத்தின்மேலும் ஒரு சிறிய ஜல்லிக்கல்லை வைத்திருந்தார். பக்கத்தில் இருந்த ஃபூட்டிங் பட்டியலில் மொத்தம் 14 என்று எழுதியிருந்தேன். கையில் ஒரு கல் மிச்சம். "மாடிப்படி எதன்மேல் நிற்கும்?" என்று கேட்டார். படிக்கட்டு மூலையில் தாள் வெறுமையாக இருந்தது.

அந்த ஒரு ஃபூட்டிங்கை நான் டெஃப்பாயின்ட்ஸ் என்ற லேயரில் (கோடுகளை வகைவாரியாகப் பிரித்து வைக்கும் அடுக்கில்) வரைந்திருக்கிறேன். அளவுக்கோடு போட்டதும் ஆட்டோகேட் தானாக உருவாக்கிக்கொள்ளும் லேயர் அது. அதில் இருப்பது திரையில் தெரியும், அச்சில் வராது. தப்பு முழுக்க என்னுடையது. அவர் எண்ணியிராவிட்டால் 13 பள்ளத்தோடு கான்கிரீட் வண்டி வந்திருக்கும்.

அன்றிலிருந்து அச்செடுத்த தாளில்தான் சரிபார்க்கிறேன், திரையில் அல்ல. பட்டியலில் மொத்த எண்ணிக்கையைக் கண்டிப்பாக எழுதுகிறேன். தாளில் ஒவ்வொரு ஃபூட்டிங்மேலும் ஒரு கல் வைத்துப் பார்க்கவும் செய்கிறேன். என் மேசை இழுப்பறையில் இருபது ஜல்லிக்கற்கள் இருக்கின்றன.

2024 அக்டோபர் 15

லேயர் பெயர் கேட்டவருக்கு: மனை எல்லை, மையக்கோடு, தூண், ஃபூட்டிங், அடிக் கான்கிரீட், பிளிந்த் பீம், அளவு, எழுத்து. எட்டு போதும். முப்பது லேயர் வைத்தால் யாரும் பின்பற்ற மாட்டார்கள்.

குறிப்புகளைத் தமிழில் எழுதலாமா என்று கேட்டவருக்கு: எழுதுங்கள், அவசியம் எழுதுங்கள். பழைய எஸ்.எச்.எக்ஸ். எழுத்துருக்களில் தமிழ் கிடையாது, கேள்விக்குறிகளாக வரும். யூனிகோடு எழுத்துருவைத் தேர்ந்துகொண்டு, கோப்பை அப்படியே அனுப்பாமல் பி.டி.எஃப். ஆக்கி அனுப்புங்கள்.

2024 அக்டோபர் 20

தம்பி அனுப்பிய படத்தைப் பார்த்தேன். ஓரத் தூண்களின் மையம் எல்லையிலிருந்து ஓரடி உள்ளே இருக்கிறது. ஃபூட்டிங் ஒன்றரை மீட்டர் சதுரம், தூண் நட்டநடுவில். அப்படியென்றால் மையத்திலிருந்து இருபுறமும் 750 மில்லிமீட்டர். உங்களிடம் இருப்பதோ 305. மீதி 445, ஏறக்குறைய ஒன்றரை அடி, பக்கத்து வீட்டுக்காரர் மனைக்குள் போய்விட்டது. எல்லைக்கோட்டை வரையாததால் உங்கள் கண்ணுக்குப் படவில்லை. இதற்காகத்தான் முதல் நாளே எல்லையை முதலில் வரையச் சொன்னேன்.

இங்கே சதுரத்தை ஒரு பக்கமாக நகர்த்திவிட்டால் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். தூண் ஓரத்தில் நின்றால் ஃபூட்டிங் சாயப் பார்க்கும். பக்கத்துத் தூணோடு சேர்த்து ஒரே ஃபூட்டிங்காகப் போடுவதா, நடுவில் இணைப்பு பீம் கொடுத்து இழுத்துப் பிடிப்பதா என்பதைப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும். வரைவாளரின் கடமை, இடம் போதவில்லை என்பதை எண்ணோடு அவர் மேசையில் கொண்டுபோய் வைப்பது. "சார், 445 வெளியே போகிறது" என்று சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

புதுச்சேரியில் ஒட்டு வீடுகள் நிறைந்த தெருக்களில் இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. தோண்டினால் பக்கத்து வீட்டின் பழைய செங்கல் கடைக்கால் படிப்படியாக அகன்று நம் மனைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அதை வெட்டி எடுக்கச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். அந்தச் சுவர் எத்தனை வருடமாக அதன்மேல் நிற்கிறது! தோண்டியதும் அளந்து படத்தில் ஏற்றுங்கள். பிறகு முடிவெடுக்கலாம்.

2024 அக்டோபர் 27

வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. ஞாயிற்றுக்கிழமை என்பதால் அரிக்கமேடு போயிருந்தோம். 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தார். மண்ணைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத் தோண்டும் முறை அவர் பெயராலேயே அறியப்படுகிறது. கிடைத்தது என்ன? மேல்சுவர் இல்லை, கூரை இல்லை. செங்கல் அடிவரிசைகள். அந்த அடிவரிசைகளின் அமைப்பை வைத்தே அது கிடங்கு என்று சொன்னார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நாம் வரைகிற தாளில் இருப்பது, எல்லாம் போன பிறகும் மண்ணுக்குள் மிஞ்சுகிற பகுதி.

2024 நவம்பர் 3

திசைக்குறி. தாளில் நன்றாக அடங்க வேண்டும் என்று படத்தைத் திருப்பி வைத்துவிட்டு, வடக்கு அம்புக்குறியைத் திருப்ப மறந்த ஒரு படம் எனக்குத் தெரியும். பண்ருட்டிப் பக்கம். ஈசானிய மூலையில் பூமி பூஜை போட வேண்டும். அய்யர் வந்துவிட்டார், செங்கற்களுக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாகிவிட்டது, தாளைப் பார்த்துக் குழி தோண்டிவிட்டார்கள். வீட்டுக்காரரின் தாயார் மட்டும் எழுந்து நின்று, "சூரியன் அந்தப் பக்கம் அல்லவா வருகிறது? இது எப்படி ஈசானியம்?" என்று கேட்டார். நல்ல நேரம் முடியக் கால் மணி நேரம் இருந்தது. மறுமூலைக்கு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

எனக்கு வாஸ்து எவ்வளவு தெரியும் என்பது இங்கே கேள்வி அல்ல. அந்த அம்மாளுக்கு அது வாழ்நாளில் ஒருமுறை நடக்கிற காரியம். அம்புக்குறியை மட்டும் நம்பாமல் தாளின் நான்கு ஓரத்திலும் நேரில் இருப்பதை எழுதுங்கள்: தெரு, பக்கத்து வீட்டுச் சுவர், வேப்பமரம், கிணறு. தாளைத் தலைகீழாகப் பிடித்தாலும் வேப்பமரம் பொய் சொல்லாது.

2024 நவம்பர் 12

பழைய கோப்பிலிருந்து ஃபூட்டிங் அளவை நகலெடுப்பது பற்றி. இதைத் தாமதமாக எழுதுகிறேன், முதலிலேயே எழுதியிருக்க வேண்டியது.

கேப்பர் மலைப் பக்கம் செம்மண், சரளை. தேவனாம்பட்டினம் பக்கம் மணல். பாகூர் வயல்களின் பக்கம் களிமண். ஒரே மாதிரி வீட்டுக்கு மூன்று இடத்திலும் ஒரே ஃபூட்டிங் எப்படிப் பொருந்தும்? ஒரு தூணில் 30 டன் இறங்குகிறது என்று வையுங்கள். ஃபூட்டிங்கின் சொந்த எடைக்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் 33. மண் சதுர மீட்டருக்கு 15 டன் தாங்கும் என்றால் 2.2 சதுர மீட்டர் வேண்டும், 1.5 மீட்டர் சதுரம் போதும். மண் 10 டன்தான் தாங்கும் என்றால் 3.3 வேண்டும், 1.85 மீட்டர் சதுரம். இருபதடி மனையில் இந்த வித்தியாசம் சின்னதல்ல. பக்கத்துப் பக்கத்து ஃபூட்டிங்குகள் முட்டிக்கொள்ளும்.

தண்ணீரையும் மறக்காதீர்கள். கோடையில் பரிசோதித்த மணல், ஐப்பசி கார்த்திகையில் அதே மணல் அல்ல. நிலத்தடி நீர் ஃபூட்டிங் அடிமட்டம்வரை ஏறினால் மணலின் தாங்குதிறன் ஏறக்குறைய பாதிவரை குறையலாம். எந்தத் தாங்குதிறனுக்கு இந்த அளவு கணக்கிடப்பட்டது, மண் எந்த இடத்தில் எந்த மாதத்தில் பார்க்கப்பட்டது, தண்ணீர் எத்தனை அடியில் இருந்தது என்று மூன்று வரி படத்தின் ஓரத்தில் இருக்கட்டும். மண் பரிசோதனைக்குத் துளையிட்ட இடத்தையும் ஒரு வட்டமாகக் குறியுங்கள்.

2024 நவம்பர் 29

புயல் நெருங்குகிறது. பள்ளம் தோண்டி வைத்திருப்பவர்கள் கம்பிக்கூடையை இன்றே வெளியே எடுத்து உயரமான இடத்தில் போடுங்கள். தோண்டிய மண்ணைக் கரையிலிருந்து தள்ளிக் கொட்டுங்கள். யாரையும் பள்ளத்தில் இறங்க விடாதீர்கள்.

2024 டிசம்பர் 8

ஒரு வாரம் கழித்து இப்போதுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது. மழை ஒரு நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல். அது வடியும் முன்னே தென்பெண்ணையில் வெள்ளம். எங்கள் வீட்டில் முழங்கால்வரை தண்ணீர். கணினியைப் பரண்மேல் ஏற்றிவிட்டோம்.

தம்பியின் வேலை நடக்கும் இடத்துக்கு நேற்று அவரோடு போனேன். பள்ளங்களின் கரை இடிந்து சரிந்திருக்கிறது. முளைக்குச்சி ஒன்றுகூட இல்லை. சுண்ணாம்புக் கோடு இருந்த சுவடே இல்லை. அக்டோபர் 6 அன்று நான் எழுதியதைத் திருத்துகிறேன்: பூஜ்யத்தை முளையில் வைக்காதீர்கள், மின்கம்பத்திலும் வைக்காதீர்கள். 2011 டிசம்பரில் தானே புயலன்று கடலூரில் கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்ததைக் கண்ணால் பார்த்த நானே கம்பத்தைச் சொல்லியிருக்கிறேன். எழுதும்போது எப்படித் தோன்றாமல் போயிற்று என்று தெரியவில்லை.

நல்லவேளையாக இந்தத் தம்பி தன் படத்தில் இன்னோர் அளவும் சேர்த்திருந்தார்: எதிர்வரிசையில் இருக்கும் சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவர் மூலையிலிருந்தும், பக்கத்து வீட்டின் மூலையிலிருந்தும் முதல் தூணுக்கு எவ்வளவு என்று. நான் சொல்லிக்கொடுக்காதது. அந்த இரண்டு அளவையும் டேப்பில் பிடித்து, இரண்டும் சந்தித்த இடத்தில் ஒரு கம்பியை அடித்தோம். அங்கிருந்து மேஸ்திரி நூல் இழுத்தார். 43 அடி 10⅜க்கு ஒரு மூலைவிட்டம் சரியாக வந்தது, மற்றது அரைக்கால் அங்குலம் அதிகம். மேஸ்திரி ஒன்றும் சொல்லாமல் நூலை மட்டும் கொஞ்சம் தட்டினார், சரியாகிவிட்டது.

2024 டிசம்பர் 9

சேறான பள்ளத்தை என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். தண்ணீரை இறைத்துவிட்டு, சேறு முழுவதையும் கெட்டி மண் வரும்வரை வழித்து எடுக்க வேண்டும். அதனால் பள்ளம் ஆழமாகிவிட்டால் மண்ணைப் போட்டு மேடாக்கக் கூடாது. கூடுதல் ஆழத்தை அடிக் கான்கிரீட்டால் நிரப்ப வேண்டும். எந்தப் பள்ளத்தில் எவ்வளவு என்று பொறியாளர் வந்து பார்க்கட்டும். செலவு கூடும், உண்மைதான்.

கூடிய ஆழத்தைப் படத்தில் ஏற்றுவதை மட்டும் யாரும் செய்வதில்லை. ஐந்து வருடம் கழித்து மாடி எடுக்க வருவார்கள். "கீழே என்ன இருக்கிறது?" என்று கேட்பார்கள். தூண் ஓரமாக ஓர் ஆள் உட்காரும் அளவுக்குக் குழி தோண்டி, டார்ச் அடித்து, கையால் தடவி ஃபூட்டிங்கின் ஓரத்தைத் தேடியிருக்கிறேன். பல தடவை. அந்த வீடுகளில் கடைக்கால் படமே இல்லை, அல்லது இருந்த படத்துக்கும் மண்ணுக்குள் இருந்ததற்கும் உறவில்லை. கான்கிரீட் போடும் முன்பு பள்ளத்துப் பள்ளம் அளந்து, அச்சடித்த தாளிலேயே சிவப்பு மையில் எழுதி, பிறகு கோப்பிலும் திருத்தி, வீட்டுக்காரர் கையில் ஒரு நகல் கொடுங்கள். பத்திரத்தோடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

2024 டிசம்பர் 15

தம்பி, நீங்கள் அனுப்பிய சிவப்பு மைத் தாளின் புகைப்படம் வந்தது. பன்னிரண்டு பள்ளத்துக்கும் ஆழம் எழுதியிருக்கிறீர்கள். 7ஆம் எண் 5 அடி 9 அங்குலம், அதில் 9 அங்குலம் அதிகப்படி அடிக் கான்கிரீட். தெளிவாக இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பழைய கடைக்கால் நீட்டிக்கொண்டிருப்பதையும் கோடு போட்டுக் காட்டியது மிக நல்லது. இரண்டு குறை: 11ஆம் எண்ணுக்கு "4.6" என்று எழுதியிருக்கிறீர்கள், 4 அடி 6 அங்குலம் என்று மாற்றுங்கள். தாளில் தேதி இல்லை. அளந்த அன்றைய தேதியைப் போட்டு, மேஸ்திரியிடமும் ஒரு கையெழுத்து வாங்கிவிடுங்கள்.